பாதி எண்

மார்ச் 4

அண்ணிக்கு,

குடையை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்காக எழுதவில்லை. அதை அண்ணனே வைத்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொன்னது ரயிலில் வழியெல்லாம் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. "அறிக்கை முதல்ல அச்சுக்குப் போகட்டும். பெட்டியை அப்புறம் திறந்துக்கலாம்." உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்பது போலச் சொன்னீர்கள். "சாப்பிடும்போது அணுவைப் பத்திப் பேசாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்றான் அண்ணன். நான் கை கழுவாமலே எழுந்து வந்துவிட்டேன். ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் விரல்கள் ஒட்டுவது தெரிந்தது. துடைத்தும் போகவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். உங்களிடம் இருக்கும் பாதி எண்.

நமக்குள் விளக்கம் தேவையில்லை. ஆனால் திட்டக் குழுவில் போய் உட்கார்ந்த பிறகு நீங்கள் இதை மறந்துவிட்டதாகத் தோன்றுகிறது. புது ஓட்டத்தில், அதாவது இந்த முறை இயந்திரத்தை ஓட்டி மோதவிட்டதில், கிடைத்த தரவு முழுவதும் கணினியில் கலைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தேடுவது கண்ணில் பட்டுவிட்டால், அது தெரியும்படியே வெட்டி ஒட்டிவிடுவோம் என்று நமக்கே நம் மேல் பயம். அதற்காகத்தான் இந்த மூடிய பெட்டி. கலைத்ததைத் திரும்ப ஒழுங்காக்கும் எண்ணில் ஒரு பாதி என்னிடம். மறு பாதி ஆய்வணிக்கு வெளியே இருப்பவரிடம், அதாவது உங்களிடம். தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ சொல்லக் கூடாது, காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். இரண்டு பாதியும் சேர்ந்த அன்றே பெட்டியைத் திறந்தாக வேண்டும். இந்த விதிகளை எழுதியது நீங்கள். அப்போது உங்கள் கையெழுத்தே அழகாக இருந்தது.

'கன அயனி இயற்பியல்: எதிர்கால ஆய்வுத் திசைகள்' என்று குழுவின் அறிக்கையில் நீங்கள் எழுதும் அத்தியாயத்துக்கு, அமைச்சர்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி ஒரு பத்தி கேட்டிருந்தீர்கள். சண்டைக்கு முன்பு கேட்டது. வாக்குக் கொடுத்ததால் தருகிறேன்:

'கனமான இரண்டு அணுக்கருக்களை ஒளியின் வேகத்துக்குப் பக்கமாக ஓடவிட்டு மோதுகிறோம். மோதிய இடத்தில் புரோட்டான், நியூட்ரான் என்ற சுவர்கள் உருகி, உள்ளே இருந்த குவார்க்குகள் குழம்பாக ஓடுகின்றன. பிரபஞ்சம் பிறந்த கணத்தில் எல்லாமே இந்தக் குழம்புதான். அதிக ஆற்றலில் மோதினால் குழம்பு வழுக்கிக்கொண்டு மெல்ல ஆறி, மறுபடி துகள்களாகிறது. ஆற்றலைக் குறைத்தால் அடர்த்தி கூடும். அங்கே தண்ணீர் கொதித்து ஆவியாவது போலத் திடீர் மாற்றம் இருக்கலாம். வழுக்கல் முடிந்து திடீர் தொடங்கும் இடம் ஒரு புள்ளி. அதன் அருகே போனால், மோதலுக்கு மோதல் வெளிவரும் புரோட்டான்களின் எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்க வேண்டும். அதை வரைபடமாக்கினால் அந்த ஆற்றலில் ஒரு மேடு தெரிய வேண்டும். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பார்க்க வேண்டும்.'

கடைசி மூன்று வாக்கியங்களை நீங்கள் வெட்டிவிடுவீர்கள் என்று தெரியும். உங்கள் வரைவில் அந்த இடத்தில் 'மேடு ஏற்கெனவே தென்பட்டுள்ளது. உற்சாகமூட்டும் இந்த அறிகுறி எதிர்காலத்தின் திசையைக் காட்டுகிறது' என்று இருக்கிறது. தென்பட்டது பல வருடம் முன்பு, உங்கள் முனைவர் ஆய்வில், ஒரே ஒரு ஆற்றலில். அதைவிடப் பல மடங்கு தரவு இப்போது பெட்டிக்குள் கிடக்கிறது. அதைத் திறக்காமல், பழைய மேட்டின் மேல் புது இயந்திரம் கட்டச் சொல்லி எழுதுகிறீர்கள்.

'உற்சாகமூட்டும்.' யாரோ நக்கிவிட்டு வைத்த கரண்டி மாதிரி இருக்கிறது அந்தச் சொல்.

எண்ணை அனுப்புங்கள்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 9

குளவிக்கு,

அண்ணி, நீங்கள், நாத்தனார். மூன்றையும் ஒரே கடிதத்தில் போட்டுவிட்டாய். விடுதியில் என் துண்டை எடுத்துத் தலை துவட்டிக்கொண்டு "ஏ கொக்கு, சீப்பு எங்கடி" என்று கத்தியவள் நீ. உன் அண்ணனைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்கு, உனக்குக் கோபம் வரும்போதெல்லாம் இந்த மரியாதை எனக்குத் தண்டனையாக வந்து விழுகிறது. விழட்டும்.

உன் அண்ணன் குடையை விரித்துக் காயவைத்து, மடித்துக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறான். "அவ வந்து எடுத்துப்பா" என்கிறான். நடந்தது சண்டை என்றே அவனுக்குப் புரியவில்லை. அல்லது புரியாதவன் மாதிரி இருக்கிறான். அந்த வித்தையில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

நான் உட்கார்ந்திருக்கும் அறையைச் சொல்கிறேன். ஜன்னல் திறக்காது. சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுவாசிக்கிறோம். அதிக ஆற்றலில் மோதும் வளைய இயந்திரத்துக்காகப் பேசுகிறவருக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் சக்கரவர்த்தி. பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது உடைந்து விழுந்ததும் விரலை விட்டு எடுத்துச் சாப்பிடுவார். எடுத்த விரலாலேயே நம் வரைபடத்தைத் தொட்டுக் காட்டினார். "குறைஞ்ச ஆற்றல்ல என்னம்மா இருக்கு? அடுப்பைச் சின்னதா வச்சுட்டு, பால் பொங்குதா பொங்குதான்னு பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

"பொங்கும்போது நாங்கதான சார் பக்கத்துல இருப்போம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைக் குறிப்பில் எழுதமாட்டார்கள். பணம் ஒரு இயந்திரத்துக்குத்தான். அவருடைய வளையம் இன்னும் பெரிதாகலாம். இல்லையென்றால் அடர்த்தியைத் தேடும் நம் இயந்திரம் எழும்பலாம்.

அந்த அறையில் மேடு இருக்கிறது என்றால் இயந்திரம் உண்டு. இல்லை என்றால் நமக்கு ஒரு வரி, அதுவும் பின்னிணைப்பில். ஆனால் மேடு இல்லாவிட்டாலும் அந்த இயந்திரம் வேண்டும். செத்த நட்சத்திரங்களின் வயிற்றில் பொருள் எப்படி நசுங்கிக் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. உனக்கும் இது தெரியும். 'தெரியாது, பார்க்க வேண்டும்' என்று எழுதினால் ஒரு கொட்டகைகூடப் போட்டுத் தரமாட்டார்கள். உன் மூன்று வாக்கியங்களை அதனால்தான் வெட்டினேன். வெட்டும்போது கை சுகமாக இல்லை.

பெட்டியைத் திறந்து அதில் மேடு இல்லை என்று தெரிந்துவிட்டால் என்னால் அந்த வரியை எழுத முடியாது. நான் பொய் எழுதுகிறவள் இல்லை. எழுதும் நேரத்தில் தெரிந்ததை எழுதுகிறேன். தெரியாமல் இருக்க மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 2 அன்று அச்சுக்குப் போகிறது. அதுவரை பொறு.

கொக்கு

மார்ச் 14

அண்ணிக்கு,

'தெரியாமல் இருக்க மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.' படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.

நேற்று ஆய்வணிக் கூட்டம். மீசை தலைமை. (அவர் மீசையை எடுத்துவிட்டார். பெயர் போகவில்லை.)

"பெட்டியை இன்னும் கொஞ்சம் சோதனை பண்ணிட்டுத் திறக்கலாமே. என்ன அவசரம்?"

"என்ன சோதனை சார்?"

"பொதுவா."

"பொதுவான்னா?"

"பொதுவான்னா பொதுவாத்தான். ஏம்மா, உனக்கு மட்டும் காலுக்குக் கீழ நெருப்பா எரியுது?"

பொதுவான சோதனைக்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குளிர்நீர்க் குழாய் பொருத்துகிறவரும் கையைத் தூக்கினார். அவருக்கு ஓட்டே கிடையாது. என் கை மட்டும் மேசைமேல் கிடந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை, உங்களைப் போலவே. முப்பது பேர் சேர்ந்து ஒரு உண்மையைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள், அவ்வளவுதான். பிறகு எல்லோரும் காப்பி இயந்திரத்துக்குப் போனோம். அதன் வடிதட்டில் பழைய பால் பச்சையாகப் பூத்திருக்கிறது. யாராவது கழுவுவார்கள் என்று எல்லோரும் காத்திருக்கிறோம்.

சோதனை என்றார்களே, செய்தேன். புதுத் தரவைத் தொட முடியாது. பழையதைத் தொடலாம். உங்களுடையதை.

மேடு தெரிந்த ஆற்றலில் மட்டும் அன்று அணுக்கருக் கற்றை அபாரமாக வந்தது, நினைவிருக்கிறதா? கட்டுப்பாட்டு அறையில் கைதட்டினோம். கேக் வாங்கி, க்ரீமை மீசையின் மீசையில் பூசினோம். கற்றை நன்றாக வந்ததால் மோதல்கள் நெருக்கி நெருக்கி விழுந்தன. பழைய கருவி மெதுவானது. ஒரு மோதலைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது விழுந்தால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். இரண்டு வீட்டுக் குப்பையை ஒரே வாளியில் கொட்டிவிட்டு, இந்த வீட்டில் ஏன் இவ்வளவு குப்பை என்று கேட்பது மாதிரி. அப்படி விழுந்தவற்றை வடிகட்டினோம்தான். ஆனால் வடிகட்டியின் அளவைக் கற்றை மந்தமாக இருந்த நாட்களில் வைத்தோம். கற்றை நன்றாக வந்த நாளில் மாற்றவில்லை. கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

நீங்கள் மாற்றவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த நானும் மாற்றவில்லை.

இப்போது வடிகட்டியை இறுக்கினால் மேடு பாதியாகிறது. இன்னும் இறுக்கினால் தரவே மிஞ்சவில்லை. மேடு இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது என்கிறேன். புதுக் கருவி வேகமானது, அதில் இந்தக் கோளாறு கிடையாது. பதில் பெட்டிக்குள் தயாராக இருக்கிறது. நாம் அதன் மூடிமேல் உட்கார்ந்து எதிர்காலத்தைப் பற்றி அத்தியாயம் எழுதுகிறோம்.

இப்போது உங்களுக்குத் தெரியும். தெரியாமல் இருக்க இனி முடியாது.

எண்.

மார்ச் 21

குளவி,

உன் கடிதத்தை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். குழுவில் சக்கரவர்த்தி பேசிக்கொண்டிருந்தபோது, மேசைக்கடியில் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ சொல்வது சரி. வடிகட்டி தளர்வு. பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற தப்பு இல்லை. கற்றைக்காக ஏங்கிக் கிடந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நல்ல கற்றையைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்?

அந்த மேட்டின் மேல்தான் நான் பட்டம் வாங்கினேன், வேலை வாங்கினேன், இந்த நாற்காலியையும் வாங்கினேன். உன் அண்ணனிடம் சொன்னேன். "ரெண்டு மோதலை ஒண்ணுன்னு எண்ணிட்டீங்களா? அதுக்கா இவ்ளோ மூஞ்சி?" என்றான். பிறகு பாத்திரம் கழுவினான். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினான்.

இத்துடன் உள்ள ஒட்டிய உறையில் என் பாதி எண் இருக்கிறது.

அந்த வாக்கியத்தைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். ஏப்ரல் 2 மாலை வரை அதை அடித்து நீக்கலாம். பெட்டியில் மேடு இல்லையென்றால் என்னைக் கூப்பிடு. எண்ணைத்தான் தொலைபேசியில் சொல்லக் கூடாது. 'அடி' என்ற ஒரு சொல்லைச் சொல்லலாம். அடித்துவிடுகிறேன்.

அடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் ஆய்வுக்கூடம் இந்த வருடத்தோடு மூடப்படும். குழு வெளியில் சொல்லவில்லை, முடிவெடுத்தாயிற்று. மீசைக்கு ஓய்வூதியம் இருக்கிறது. மற்ற முப்பது பேருக்கும் புது இயந்திரத்தின் தலைப்பின் கீழ்தான் இடம் போட்டிருக்கிறது. உன் பதவியும் அதில்தான். உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. தெரியாமல் இருக்கும் வசதி எனக்கு இல்லையென்றால் உனக்கும் இருக்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

இது நல்ல எண்ணமா, கெட்ட எண்ணமா என்று எனக்கே பிடிபடவில்லை.

கொக்கு

மார்ச் 26

அண்ணிக்கு,

உறை வந்து சேர்ந்தது.

இங்கே குளிர்நீர் பம்ப் பழுது. தேங்கிய நீர் அழுகிய முட்டைபோல் நாறுகிறது. சட்டையில், தலைமுடியில், ரொட்டியில் எல்லாம் அதே வாடை. குளித்தாலும் போவதில்லை.

குழாய் பொருத்துகிறவர் வீடு கட்டுகிறார். கைப்பேசியில் கூரையின் படத்தைக் காட்டினார். "எப்படிம்மா இருக்கு?" நன்றாக இருக்கிறது என்றேன். கூரையைத் தவிர வேறொன்றும் படத்தில் இல்லை.

மீசை என்னிடம் பிரியமாகப் பேசுகிறார். காப்பி இயந்திரத்தின் வடிதட்டை நானே கழுவிவிட்டேன். சுரண்டிச் சுரண்டி. ஏன் என்று தெரியவில்லை.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

ஏப்ரல் 4

அடி குளவி,

இரண்டாம் தேதி முழுக்கத் தொலைபேசிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு நீ வைத்த பெயருக்கு அன்று ஒருநாள் முழுப் பொருத்தம். அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டார்கள். "மேடம், அந்த வட்டம் போட்ட வரி இருக்கா, இல்லையா?" இரண்டு முறையும் பொறுங்கள் என்றேன். நானே கூப்பிடலாம் என்று கை போனது. கூப்பிட்டால் உன்னை நெருக்குவது போல ஆகிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். பம்ப், கூரை, வடிதட்டு. உன்னை எனக்குத் தெரியும். பெட்டியில் ஒன்றுமில்லை என்றால் நீ அங்கிருந்தே கத்துகிற கத்தலில் என் ஜன்னல் அதிர்ந்திருக்கும். அந்தச் சந்தோஷத்தை நீ விடமாட்டாய். இவ்வளவு அமைதியாக இருக்கிறாய் என்றால் மேடு இருக்கிறது. நான் சொன்னதே சரியாகப் போனது உனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சநாள் என்னை வேகவைத்துவிட்டுச் சொல்லப் போகிறாய். அப்படித்தான் முடிவு செய்தேன்.

பென்சில் வட்டத்தை அழித்தேன். வரி அச்சுக்குப் போய்விட்டது.

"என்ன, தனியா சிரிச்சுக்கிட்டு இருக்க?" என்று உன் அண்ணன் கேட்டான். வடிகட்டித் தப்பு இருந்தும் மேடு உண்மையாக இருந்திருக்கிறது பார், நாம் தப்பான வழியில் சரியான வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அவனிடம் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தும் சந்தோஷப்பட்டான்.

போதும் உன் கோபம். எவ்வளவு உயரம் என்று மட்டும் எழுது.

கொக்கு

ஏப்ரல் 9

கொக்கு,

உறையை நான் பிரிக்கவே இல்லை.

வந்த அன்று மேசை இழுப்பறையில் போட்டு, மேலே ஒரு பழைய கால்குலேட்டரை வைத்தேன், அது பறந்துபோய்விடும் என்பது போல. நாளை திறக்கலாம் என்று தினமும் நினைத்தேன் என எழுதத் தொடங்கினேன். அது பொய். நினைக்கவில்லை. இழுப்பறையைத் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். உன்னைப் பார்த்து அருவருத்த அத்தனை நாளில், இது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. கையைக் காலை அசைக்க வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும், அதுவே நடந்துவிடுகிறது.

நீயாவது எனக்குச் சொல்லிவிட்டுத் தள்ளிப்போட்டாய்.

உன் கடிதம் வந்த பிறகு பிரித்தேன். எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள். "பொதுவான சோதனை முடிஞ்சுதா?" என்று மீசை கேட்டார். முடிந்தது என்றேன். யாரோ கேக் வாங்கி வைத்திருந்தார்கள். உன் பாதியையும் என் பாதியையும் சேர்த்தேன். ஒவ்வொரு புள்ளியாக வந்து விழுந்தது. உன் ஆற்றலுக்கான புள்ளி வந்தபோது எல்லோரும் திரைப் பக்கம் குனிந்தார்கள். அது பக்கத்துப் புள்ளிகளோடு ஒரே வரிசையில் போய் உட்கார்ந்தது.

மேடு இல்லை. மேசை மாதிரி தட்டை.

"இது நல்லதா, கெட்டதாங்க?" என்று குழாய்க்காரர் கேட்டார்.

மீசை என்னைப் பார்த்தார். "அறிக்கை போயிருச்சுல்ல?"

"போயிருச்சு சார்."

"அப்ப சரி."

கேக்கை வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். நான் அதைச் சாப்பிட்டேன், கொக்கு. பம்ப் வாடை அடித்த அந்த அறையில் நின்றுகொண்டு முழுத் துண்டையும் சாப்பிட்டுவிட்டு, விரலில் இருந்த க்ரீமையும் நக்கினேன். பிறகு போய் வாந்தி எடுத்தேன். வெளியே வந்தபோது எல்லோரும் புது இயந்திரத்தில் யாருக்கு எந்த அறை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் உள்ள அறையை எனக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள்.

இன்று திட்டக் குழுவுக்கு வரைபடத்தை அனுப்புகிறேன். பழைய வடிகட்டியைப் பற்றிய குறிப்பும் கூட. மீசை கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "உனக்கும் சேத்துதான் குழி வெட்டுற" என்றார். அதனால் என் கையெழுத்தில் மட்டும் போகிறது. எண்ணும் உன் கடிதமும் வந்த வெளி உறையையும் சேர்த்து வைக்கிறேன். அதில் உன் ஊர்த் தபால் முத்திரை மார்ச் 21 என்று தெளிவாக விழுந்திருக்கிறது. நீ நேரத்துக்கு அனுப்பினாய், நான் வைத்திருந்தேன். அதை அவர்கள் பார்க்க வேண்டும். சக்கரவர்த்தி விரலை விட்டுத் துழாவட்டும்.

உன் வாக்கியத்தை நான் அச்சேற்றிவிட்டேன். இதை எப்படிச் சொன்னாலும் வேறு மாதிரி ஆகவில்லை.

கூட்டத்தில் உன்னை எழுந்து நிற்கச் சொல்லி, இப்போது எதற்காக இயந்திரம் என்று கேட்பார்கள். நட்சத்திரத்தின் வயிற்றைப் பற்றிச் சொல். நீ வெட்டிய மூன்று வாக்கியங்களையும் சொல். அதைக் கேட்டு எதையாவது கட்டித் தருவார்களா என்பது தெரியாது. குழாய்க்காரரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராக அவரிடம்தான் போக வேண்டும். என்ன வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஓட்டம் என்று ஒன்று நடந்தால் பாதி எண்ணை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

குடை உங்கள் வீட்டில் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளலாமா என்று அண்ணனைக் கேட்டால் வா என்பான். உன்னைத்தான் கேட்கிறேன்.

குளவி